"நான் எம்மாத்திரம்?": விசுவாசம், தாழ்வு மனப்பான்மை, கொஞ்சம் கோல்ஃப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை கோல்ஃப் உதாரணம் ஒன்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. சில ஆட்டத்தைப் பற்றியவை, பல "எனக்குத் தகுதியில்லை" என்று மனதில் புழுங்குகிறவர்கள் தனியாக வந்து கேட்டவை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை, நல்ல ஆட்டக்காரனும் இல்லை. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோல்ஃபா? அது பணக்காரர் விளையாட்டாச்சே. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செலவு பிடிக்கும் ஆட்டம்தான், மறுக்கவில்லை. யாரையும் மட்டை வாங்கச் சொல்லவும் இல்லை. ஆனால் தன்னைப் பற்றிய சந்தேகத்தை இவ்வளவு வெளிச்சத்தில் காட்டும் வேறொரு ஆட்டம் எனக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் பந்து திரும்பியது, அம்பயர் தப்பாகக் கொடுத்தார், எதிர்முனையில் இருந்தவன் ஓட வைத்து அவுட்டாக்கினான் என்று சொல்ல நூறு காரணம் உண்டு. கோல்ஃபில் பந்து சும்மா கிடக்கிறது. யாரும் அதை உங்கள் மேல் வீசவில்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடக்கிறோம், அதில் பந்தைத் தொடும் நேரம் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் நாமும் நம் தலைக்குள் கேட்கும் குரலும் தனியே.

இன்னொன்று. இந்த ஆட்டத்தின் பெரிய பெயர்களில் சிலர் கூலிக்குப் பை தூக்கி வந்தவர்கள். பெர்ன்ஹார்ட் லாங்கர் என்ற ஜெர்மானியரின் அப்பா கொத்தனார். பையன் எட்டு வயது வாக்கில் பக்கத்து ஊர் மைதானத்தில் கேடி வேலைக்குப் போனான். பின்னாளில், கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை 1985, 1993 என்று இரண்டு முறை வென்றான். அவரைப் பற்றிக் கீழே நிறைய வரும்.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு நாலு வரியில் சொல்ல முடியுமா?

18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு, அதற்குப் பெயர் பார். பெரும்பாலும் மொத்தம் 72. குறைவான அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கிறார். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நாலேகால் அங்குலம்தான். 300 கஜம் பறக்கும் அடியும் ஒன்றுதான், குழி விளிம்பில் நிற்கும் பந்தை இரண்டு அங்குலம் தட்டுவதும் ஒன்றுதான். கடைசியாக, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் அடியை பட் என்பார்கள். எட்டு அடி தூரத்து பட்டில், உலகத்தின் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். இந்த ஒரு தகவல் எனக்குத் தந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

தாழ்மை நல்லது என்கிறீர்கள், தாழ்வு மனப்பான்மை கெட்டது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மைதானத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

குழி 150 கஜம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய ஏழாம் நம்பர் இரும்பு மட்டை 130 கஜத்துக்கு மேல் போகாது. தாழ்மை உள்ளவன் அதைவிடத் தூரம் போகும் ஐந்தாம் நம்பரை எடுத்து அடித்துவிட்டுப் போவான். தாழ்வு மனப்பான்மை உள்ளவன் பக்கத்தில் நிற்பவர் ஏழாம் நம்பர் எடுத்ததைப் பார்ப்பான், "ஐந்து எடுத்தால் என்ன நினைப்பார்" என்று யோசிப்பான், தானும் ஏழாம் நம்பரையே எடுப்பான், பந்தைத் தண்ணீரில் போடுவான், அப்புறம் "எனக்கு இதெல்லாம் வராது" என்பான். முதல் ஆள் தன் அளவைத் தெரிந்துகொண்டு அதை மறந்துவிட்டான். இரண்டாவது ஆள் நாள் முழுக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாள் அபாரமாக ஆடினார். அன்று அவருடைய 45-வது பிறந்தநாள். 17-வது குழியை அவர் மூன்றே அடியில் முடித்தார், கூட ஆடியவர் அட்டையில் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நிஜத்தில் அடித்தது 65, அட்டையில் 66. விதிப்படி, அடித்ததைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் தகுதிநீக்கம், கூட்டி எழுதினால் கூட்டியதே நிற்கும். ஒரே ஒரு அடியில் பட்டம் பாப் கோல்பிக்குப் போயிற்று.

இந்தக் கதையை நான் சொல்லும்போது எல்லோரும் "ஐயோ பாவம்" என்பார்கள். நான் கேட்பது இதுதான்: உங்களைப் பற்றி நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டையை எப்போதாவது சரிபார்த்தீர்களா? தன்னை உயர்த்திச் சொல்வது பொய் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித்தந்தார்கள். தன்னை மட்டம்தட்டிச் சொல்வதும் பொய்க்கணக்குதான் என்று யாரும் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அது பக்தி மாதிரியே தெரிகிறது.

சாதித்தவர்களுக்கு இந்த உணர்வு வராது அல்லவா?

2022 ஏப்ரல், மாஸ்டர்ஸ் கடைசி நாள் காலை. ஸ்காட்டி ஷெஃப்லருக்கு வயது 25. அதற்கு முந்தைய ஐந்து போட்டிகளில் மூன்றை ஜெயித்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் உலகத் தரவரிசையில் முதலிடம் வந்திருந்தது. அன்று மூன்று அடி முன்னிலையோடு ஆடப் போகிறார். யாரைக் கேட்டாலும் இவன்தான் ஜெயிப்பான் என்பார்கள்.

அந்த மனுஷன் காலையில் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். ஆட்டம் முடிந்தபின் அவரே நிருபர்களிடம் சொன்னது இது. மனைவி மெரடித்திடம், "நான் இதற்கு ஆயத்தமாக இல்லை, எனக்குத் தாங்கவில்லை" என்றாராம். அந்தப் பெண் என்ன சொல்லியிருக்கலாம்? "உன்னால் முடியும், நீதான் நம்பர் ஒன்" என்று சொல்லியிருக்கலாம். நம் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். அவர் கேட்டது வேறு: "ஆயத்தமில்லை என்று சொல்ல நீ யார்?" உன் வாழ்க்கைக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியுமா என்ற பொருளில்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம். பார்வோனிடம் போ என்றதும் மோசே கேட்கிறான்: "நான் எம்மாத்திரம்?" அதற்குக் கர்த்தர் "நீ அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்தின் கலைகள் தெரிந்தவன்" என்று அவனுடைய தகுதிகளை அடுக்கவில்லை. அப்படி அடுக்க விஷயம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. "நான் உன்னோடே இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். கேள்வி மோசேயைப் பற்றியது, பதிலோ மோசேயைப் பற்றியதே இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் விடாமல் "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறான். அதையும் அவர் மறுக்கவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்கிறார்.

சரி, அன்றைக்கு மாஸ்டர்ஸ் நடக்கும் ஆகஸ்டா மைதானத்தில் என்ன ஆயிற்று? முதல் இரண்டு குழியிலேயே மூன்று அடி முன்னிலை ஒன்றாகச் சுருங்கியது. மூன்றாவது குழியில் கிரீனுக்கு வெளியே இருந்து ஷெஃப்லர் தட்டிய பந்து உருண்டு நேராகக் குழிக்குள் விழுந்தது. அங்கிருந்து ஆட்டம் அவர் பக்கம். கடைசி கிரீனுக்கு வரும்போது ஐந்து அடி முன்னிலை. அங்கே சிரித்துக்கொண்டே நான்கு முறை தட்டித்தான் குழியில் போட்டார். சின்னப் பிள்ளைகள் செய்கிற தப்பு. அப்படியும் மூன்று அடியில் ஜெயித்தார். அந்த நான்கு தட்டலும் அட்டையில் இருக்கிறது, ஜெயித்தவருக்குப் போடும் பச்சைக் கோட்டும் அவருக்குத்தான் கிடைத்தது.

ஜெயித்ததும் அந்த உணர்வு போய்விடுமா?

போகாது. 2025 ஜூலையில், அயர்லாந்துத் தீவின் வடக்கே போர்ட்ரஷில் ஓப்பன் என்ற இன்னொரு பெரிய போட்டிக்கு முன்பு ஷெஃப்லர் நிருபர்களிடம் மனம்விட்டுப் பேசினார். இதற்குள் மாஸ்டர்ஸ் இரண்டு முறை, ஒலிம்பிக் தங்கம் எல்லாம் வந்தாயிற்று. ஜெயிப்பதற்காக வாழ்நாள் முழுக்க உழைக்கிறேன், அந்தச் சந்தோஷம் சில நிமிஷம் இருக்கிறது, அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்ற பேச்சு வந்துவிடுகிறது. சாதித்த திருப்தி உண்டு, இதயத்தின் ஆழத்தை அது நிரப்புவதில்லை என்ற கருத்தில் பேசினார். அந்த வாரமே நான்கு அடி வித்தியாசத்தில் பட்டத்தையும் வாங்கிவிட்டுப் போனார்.

"அந்த வேலை கிடைத்தால், அந்த மேடை கிடைத்தால், என் குறை தீர்ந்துவிடும்" என்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விசுவாசம் இருந்தால் கர்த்தர் ஜெயம் தருவார் என்றுதானே பிரசங்கத்தில் கேட்கிறோம்?

இந்தக் கேள்விக்குத்தான் லாங்கரை வைத்திருந்தேன்.

1985-ல் மாஸ்டர்ஸ் ஜெயித்த அடுத்த வாரம், சக ஆட்டக்காரர் பாபி கிளாம்பெட் அவரை ஆட்டக்காரர்களுக்கான வேதபாட வகுப்புக்குக் கூப்பிட்டார். சிறுவயதில் பூசைக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தவர் லாங்கர், ஆனாலும் மறுபடியும் பிறக்க வேண்டும் என்ற யோவான் மூன்றாம் அதிகாரம் அன்று புதிதாகப் பட்டது. அங்கிருந்துதான் அவருடைய விசுவாச வாழ்க்கை தொடங்கியது. (அந்த வாரப் போட்டியில் லாங்கரும் கிளாம்பெட்டும் சமநிலையில் முடித்து, கூடுதல் ஆட்டத்தில் லாங்கர் ஜெயித்தார். கூப்பிட்டவருக்குக் கிடைத்த கூலி அது. எனக்குப் பிடித்த துணுக்கு.)

ஆக, விசுவாசியாகிவிட்டார். இனி எல்லாம் ஜெயம்தானா? ஆறு வருஷம் கழித்து, 1991 செப்டம்பர், தென் கரோலினாவில் கியாவா தீவு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கப். மூன்று நாள் ஆட்டம் முழுவதும் சுருங்கி, கடைசி ஜோடியின் கடைசிக் குழிக்கு வந்து நிற்கிறது. லாங்கருக்கு ஆறடி தூரத்து பட். போட்டால் கோப்பை ஐரோப்பாவிடமே தங்கும். தவறினால் அமெரிக்காவுக்கு. இரண்டு அணிகளும் கிரீனைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. பந்து போகும் பாதையில் யாரோ நடந்த ஷூ ஆணித் தடம் புடைத்து நிற்கிறது. அந்தத் தடத்தை அழுத்திச் சமப்படுத்த அன்றைய விதியில் இடமில்லை, 2019-ல்தான் அதற்கு அனுமதி வந்தது. லாங்கரும் அவருடைய கேடியும் குனிந்து பார்க்கிறார்கள், தடத்தைத் தவிர்த்து நேராகக் கொஞ்சம் வேகமாகவே தட்டுவது என்று முடிவாகிறது. பந்து குழியின் வலது விளிம்பை ஒட்டிக் கடந்துபோனது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாய் திறந்து கத்திய படம் இன்றும் எல்லா இடத்திலும் வருகிறது. 14½ – 13½. அமெரிக்கா.

அவர் ஜெபிக்கவில்லையா? விசுவாசம் போதவில்லையா? இப்படி யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எதிரே ஆடியவருக்காகவும் யாரோ ஜெபித்திருப்பார்கள் அல்லவா?

பிற்பாடு லாங்கர் இதைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சு பிரபலம்: உலகத்தில் குறையே இல்லாத மனுஷர் ஒருவர்தான் இருந்தார், அவரைச் சிலுவையில் அறைந்தார்கள், நான் தவறவிட்டது ஒரு பட் மட்டும்தான் என்ற பொருளில். கியாவா முடிந்த அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டியை ஜெயித்தார். 1993-ல், உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று, இரண்டாவது மாஸ்டர்ஸ். வெற்றியைக் கேட்கவந்த தொலைக்காட்சியிடம், கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளில் ஜெயித்தது தனக்கு இன்னும் பெரிது என்றார்.

இத்தனைக்கும் அவருக்கு பட் செய்யும்போது கை தானாகத் துடிக்கும் கோளாறு உண்டு, யிப்ஸ் என்பார்கள். ஒருமுறை போய், மறுபடி மறுபடி வந்தது. பிடியை மாற்றினார், மட்டையின் நீளத்தை மாற்றினார், இடது கையைக் கீழே கொண்டுவந்தார், மட்டையை முன்கையோடு சேர்த்துப் பிடித்தார். ஜெபித்ததும் அது பறந்துபோகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று பவுலுக்குக் கிடைத்த பதில், எடுத்துவிடும்படி அவர் வேண்டிக்கொண்ட சரீரத்தின் முள்ளை எடுத்துவிட்டுச் சொன்னது இல்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

2023-ல், 65 வயதில், லாங்கர் மூத்தோர் தொடரில் 46-வது வெற்றி பெற்று சாதனை படைத்தார். அவர் முறியடித்த 45 வெற்றி யாருடையது தெரியுமா? ஹேல் இர்வினுடையது. 1991-ல் கியாவாவின் கடைசி கிரீனில் எதிரே நின்ற அதே ஆள்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" – இந்த வசனம் போதாதா?

போதும், முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்தால். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார் பவுல். பட்டினியும் குறைவும் அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள்ளேயே இருக்கின்றன. சிறையிலிருந்து எழுதிய கடிதம் இது. பரீட்சைக்குப் போகும் பையன் பேனாப் பெட்டியில் ஒட்டிவைப்பதில் தப்பில்லை, ஆனால் ரிசல்ட் வந்த அன்றும் அதை எடுத்துப் படிக்க வேண்டும். எப்படி வந்தாலும்.

ஒப்பிடுவதை எப்படி நிறுத்துவது? சபையில் என் வயதுக்காரன் பாடுகிறான், பேசுகிறான், நான் நாற்காலி அடுக்குகிறேன்.

2007 மாஸ்டர்ஸ். அயோவாவில் வளர்ந்த ஸாக் ஜான்சன் தூரமாக அடிக்கிறவர் இல்லை. அந்த மைதானத்தில் பார் ஐந்தாக உள்ள நான்கு குழிகளில் மற்றவர்கள் இரண்டாவது அடியிலேயே கிரீனைத் தொடப் பார்ப்பார்கள். அவர் நான்கு நாளும், பதினாறு முறையும், ஒருமுறைகூட அதற்கு முயலவில்லை. பந்தைத் தனக்குத் தோதான தூரத்தில் நிறுத்தி, அங்கிருந்து சின்ன மட்டையால் குழிக்குப் பக்கத்தில் போட்டார். பார்த்தவர்களுக்குக் கோழைத்தனமாகத் தெரிந்திருக்கும். அந்தப் பதினாறு குழிகளில் அவர் கணக்கு பாரைவிட 11 குறைவு. டைகர் உட்ஸ் உள்பட மூன்று பேரை இரண்டு அடியில் தாண்டி ஜெயித்தார். அன்றும் உயிர்த்தெழுந்த ஞாயிறு, இயேசு தன்னோடு நடந்தார் என்று அவரும் சாட்சி சொன்னார்.

சவுலின் கவசத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு தாவீது கழற்றி வைத்தான்: "இந்த அப்பியாசம் எனக்கு இல்லை." கவசம் கெட்டது என்று அவன் சொல்லவில்லை. தனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். கூழாங்கல் பொறுக்கப் போனான்.

ஒப்பிடும் வியாதி பேதுருவுக்கே இருந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனோடு கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வரும் யோவானைத் திரும்பிப் பார்த்து "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறான். பதில் வெடுக்கென்று வருகிறது: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா." இந்த "உனக்கென்ன" எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர் அம்மா பேசுவது போலவே இருக்கிறது.

நாற்காலி அடுக்குவது பற்றி: தாலந்து உவமையில் ஐந்து வாங்கினவனுக்கும் இரண்டு வாங்கினவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒரே வாசகம். ஒரு சொல் கூடக் குறைய இல்லை. மத்தேயு 25-ஐ எடுத்து எண்ணிப் பாருங்கள்.

ஹேண்டிகேப்பும் கிருபையும் ஒன்றுதான் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?

பாதி சரி. ஹேண்டிகேப் என்பது பலவீனமானவர் பலசாலியோடு சேர்ந்து ஆடத் தரப்படும் சலுகை. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி போட்டுக் கணக்கிடுகிறார்கள். உச்சவரம்பு 54, அதாவது குழிக்கு மூன்று அடி சலுகை. புதிதாக வந்தவனும் முப்பது வருஷம் ஆடியவரும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் நிஜமாகப் போட்டி போடலாம். அழகான ஏற்பாடு. உன் மோசமான நாட்களை விட்டுவிட்டு நல்ல நாட்களை மட்டும் கணக்கில் எடுக்கிறது என்பது இன்னும் அழகு.

ஆனால் அது உங்கள் ஆட்டத்தைப் பார்த்துப் போடும் கணக்கு. நன்றாக ஆட ஆடச் சலுகை குறையும். கிருபை அப்படி வேலை செய்வதில்லை. சுவிசேஷம் சொல்வது, வேறொருவர் ஆடிய குறையில்லாத அட்டை உங்கள் பேரில் ஏறுகிறது, உங்கள் அட்டையை அவர் தன் பேரில் எடுத்துக்கொண்டார் என்பது. கோல்ஃபில் இதைச் செய்தால் கிளப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். 2 கொரிந்தியர் 5:21-ஐ நாம் சாவகாசமாக வாசித்துக் கடக்கிறோம், அதில் இருப்பது இவ்வளவு விதிமீறலான சேதி.

வருஷக்கணக்காக முயல்கிறேன். பலனே இல்லை. இது என் இடமில்லை என்று எப்போது முடிவெடுப்பது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பெட்ஸி கிங் என்ற அமெரிக்க வீராங்கனை 1977-ல் பெண்கள் தொழில்முறைத் தொடரில் சேர்ந்தார். முதல் வெற்றி 1984-ல். இடையில் ஏழு வருஷம். அந்த வெறும் வருஷங்களில்தான் அவர் விசுவாசத்துக்கு வந்தார், ஆடும் முறையையும் அடியோடு மாற்றிக் கற்றார். பிறகு மொத்தம் 34 வெற்றி, அதில் ஆறு பெரிய பட்டங்கள். ஓய்வுக்குப் பின் ஆப்பிரிக்காவில் கிணறு தோண்டப் பணம் திரட்டும் வேலையில் இறங்கினார்.

இதைக் கேட்டு "அப்போ நானும் ஏழு வருஷம் காத்திருந்தால்" என்று கணக்குப் போடாதீர்கள். ஏழு வருஷம் ஆடி, எட்டாவது வருஷம் வீட்டுக்குப் போன விசுவாசிகள் எத்தனையோ பேர். அவர்களைச் சாட்சி சொல்ல நாம் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

சின்ன வயதில் வீட்டில் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று கேட்டே வளர்ந்தேன். வசனம் சொன்னால் அது போய்விடுமா?

ஒரு வசனத்தில் போகாது. உங்களுக்கு அப்படிச் சொன்னது தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடவே ஒன்றைக் கவனியுங்கள். யோர்தானில் "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற குரல் கேட்டபோது இயேசு இன்னும் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. முப்பது வருஷம் தச்சுப் பட்டறை. ஆட்டம் தொடங்கும் முன்பே வந்துவிட்டது அந்தச் சொல்.

இது வெறும் தாழ்வு மனப்பான்மைதானா, வியாதியா என்று எப்படித் தெரியும்?

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாரக்கணக்கில் எதிலும் ஆசையில்லாமல் இருந்தால், உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற விசுவாசி மனதுக்குப் போடக் கூடாது என்று எந்த வசனமும் இல்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஜெபிக்கிறேன் என்று சொல்லி உங்களைத் தடுப்பவரின் ஜெபத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆலோசனையை விட்டுவிடுங்கள்.

கை நடுங்கும் அந்த நிமிஷத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

என் முதல் ஆட்டம் ஒரு மலையூர் மைதானத்தில். முதல் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நிற்கிறேன், பின்னால் அடுத்த முறைக்குக் காத்திருக்கும் மூன்று பேர். ஓங்கி அடித்தேன். மட்டை பந்தின் உச்சியை உரசியது. பந்து நாலைந்து கஜம் குதித்துக் குதித்துப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. பின்னால் ஒருவர் இருமினார். இருமலா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. காது சுட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நிற்கிறேன், எனக்குக் கேடியாக வந்த அண்ணன் அதற்குள் பந்துகிட்ட போய் நின்றுகொண்டு கூப்பிட்டார்: "வாங்க சார். பந்து இங்கதான் இருக்கு. இங்கேருந்து அடிங்க."

கோல்ஃபின் அடிப்படை விதியே அதுதான், பந்து கிடக்கிற இடத்திலிருந்து ஆடு. அந்த அண்ணனுக்கு விதி சொல்லும் நோக்கமெல்லாம் இல்லை, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. இப்போது பிரசங்க மேடையோ வேலைக்கான நேர்காணலோ, உள்ளே படபடக்கும்போது மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "ஆண்டவரே, பந்து இங்கதான் இருக்கு" என்பேன். அதற்கு மேல் நீளமான ஜெபம் அந்த நேரத்தில் எனக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டு கோல்ஃப் ஆடலாமா?

எங்கள் வீட்டில் முடியாது. தொழில்முறைக்காரர்களுக்குக் கடைசிச் சுற்று ஞாயிறுதான் என்பதால், பயணத்தில் இருக்கும்போது வாரநாளில் ஒரு மாலை கூடி வேதம் வாசிக்கிறார்கள். லாங்கர் போனதும் அப்படி ஒன்றுக்குத்தான். நான் சனிக்கிழமை போகிறேன்.

கடைசியாக, நீங்கள் இப்போது எப்படி ஆடுகிறீர்கள்?

ஹேண்டிகேப் 31. போன சனிக்கிழமை ஒரே குட்டையில் இரண்டு பந்து போட்டேன். மூன்றாவது தாண்டியது. அட்டையில் அந்தக் குழிக்கு ஒன்பது என்று எழுதினேன், கூட வந்தவர் எட்டு என்றார், மறுபடி எண்ணிப் பார்த்தோம். எட்டுதான்.